நாயும் பூனையும் இருக்கும் குடும்பத்துக்கு வாடகை வீடு: சொல்லிவிட்டுப் போவதா, மறைத்துவிட்டுப் போவதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. வீட்டில் நான்கு வயதுப் பெண் நாட்டு நாய் ஒன்று, ஆண் பூனை ஒன்று. இப்போதிருக்கும் வீட்டை ஆகஸ்ட் இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு தேடி, பதினோரு இடங்களில் "நாயா? வேண்டாம்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறீர்கள். "சொல்லாமல் குடிபோய்விடு, அப்புறம் யாரும் வெளியேற்ற முடியாது, சட்டம் நம் பக்கம்தான்" என்கிறார் உங்கள் தோழி. அது சரியா என்று கேட்கிறீர்கள். சட்டக் கேள்வி போலத் தெரிந்தாலும், மறைக்கலாமா கூடாதா என்பதுதான் உங்கள் மனத்தில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். மறைக்காதீர்கள். அதற்குச் சட்டம் பாதிக் காரணம், மீதி நான் பட்டு அறிந்தது.

ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வட்டாரத்தில் 22 ஆண்டுகளாக வீட்டுத் தரகு செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. சென்னையின் தென்பக்கம்தான் எனக்குப் பழக்கம். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தோழி எதை வைத்துப் பேசுகிறார் என்று புரிகிறது. அது வாட்ஸாப்பில் அடிக்கடி சுற்றி வருகிற செய்தி. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அதற்கு மூலம். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும், அங்கே வசிப்பவர் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் தனிக் கட்டணம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. குரைக்கிறது என்பதை மட்டும் காரணம் காட்டி நாயை வெளியேற்றச் சொல்ல முடியாது. கேரள உயர் நீதிமன்றமும் 2021 இல் சங்கங்களின் இத்தகைய தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை எல்லாம் பேசுவது சங்கத்தைப் பற்றி. தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்ற உரிமையாளரின் விருப்பத்தில் இவை தலையிடவில்லை. நாய் வைத்திருப்பவருக்குத் தர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், தந்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த நம்மிடம் சட்டம் எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டில் வாடகைக்கு இப்போது அடிப்படையாக இருப்பது 2017 ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்குச் சேதம் விளைவிக்கும்படியோ அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகவோ வீட்டைப் பயன்படுத்தி, நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாவிட்டால் வெளியேற்றக் கோரலாம் என்கிறது. செல்லப்பிராணிகளைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆகவே எல்லாம் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் போய் நிற்கும். "பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நாயைக் கொண்டுவந்தால் உங்கள் நிலை பலவீனமானது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒப்பந்தம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை என்றால்? அது வாதத்துக்குரிய இடம். நான் கேட்ட இரண்டு வழக்கறிஞர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

நான் பட்டது என்று சொன்னேனே, அது சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரு இளம் தம்பதியிடம் நானேதான், "முதலில் பாலைக் காய்ச்சுங்கள், நாயை மெதுவாகக் கொண்டுவரலாம்" என்று யோசனை சொன்னேன். அவர்களுடையது பக் வகை, குரைப்பதற்கே சோம்பல்படும் நாய். மூன்றாவது வாரம், மோட்டார் போட வந்த வீட்டுக்காரர் அதைப் படியில் பார்த்தார். நாயின் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. "இதை மறைத்தவர்கள் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறார்களோ" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து மோட்டார் ஓடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், வாசலில் செருப்பு என்று தினம் ஒரு பஞ்சாயத்து. ஐந்தாம் மாதம் அவர்களே காலி செய்தார்கள். பெயின்ட், கதவு பாலிஷ் என்று முன்பணத்தில் ஒன்றரை மாத வாடகை போனது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை, யோசனை சொன்னவனே நான்தானே.

பதினோரு பேர் மறுத்தார்கள் என்றீர்களே, ஏன் மறுத்தார்கள் என்று எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? "வேண்டாம்" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சங்கதிகள் இருக்கும். நங்கநல்லூரில் ஒரு மாமி. கீழ்ப் போர்ஷனில் அவர், மாடி வாடகைக்கு. நாய் என்றதும் கையை விசிறிவிட்டார். காரணத்தைக் கேட்டபோது முதலில் ஆசாரம் என்றார், பிறகு சத்தம் என்றார். மோர் வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் உண்மையும் வந்துவிட்டது. முன்பு குடியிருந்தவர்கள் நாயைப் பகலெல்லாம் மொட்டை மாடியில் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்களாம். பங்குனி, சித்திரையில் இவர் அங்கேதான் வடாம் காய வைப்பார். ஒரு வருடம் முழு வேட்டி வடாமும் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். "நாயை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்வதில்லை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம், வீடு கிடைத்தது. அந்தக் குடும்பம் அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தது.

எல்லா மறுப்பும் இப்படிக் கரையாது. சிறுவயதில் நாய்க்கடி வாங்கியவர், கீழேயே குடியிருக்கிற ஆஸ்துமாக்காரர், தொழுகை நடக்கும் வீட்டில் நாய் கூடாது என்பவர், இவர்களிடம் வாதம் செய்து பயனில்லை. ஆனால் நாய்க்கு மறுத்த முஸ்லிம் வீட்டுக்காரர்கள் யாரும் பூனைக்கு மறுத்து நான் பார்த்ததில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, நாய் என்றாலே முகம் மாறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்களுடையது நாட்டு நாய் என்பதை இந்த இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். முன்பெல்லாம் "தெரு நாயா?" என்று இளக்காரமாகக் கேட்டவர்கள், இப்போது "ராட்வைலர் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

எங்கே தேடுவது என்பதில்தான் பாதி வேலை முடிகிறது. வீட்டுக்காரர் கீழேயோ மாடியிலோ குடியிருக்கும் வீடுகளை முதல் சுற்றில் ஒதுக்கிவிடுங்கள். அடுக்குமாடியில் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கு வாடகை தேதி தவறாமல் வந்தால் போதும், முட்டுக்கட்டை சங்கத்திடமிருந்து வரும். நான் மேலே சொன்ன 2015 வழிகாட்டுதல் பயன்படும் இடம் அதுதான். ஆனால் அதைக் கையில் நீட்டிக்கொண்டு சங்கச் செயலாளரிடம் போகாதீர்கள். முதலில் வணக்கம் சொல்லுங்கள், தாள் பையிலேயே இருக்கட்டும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் பத்து வீட்டுக்கு ஒரு நாயாவது இருக்கும் என்பது என் கணக்கு. அங்கே சங்கமும் பழகிப்போயிருக்கும். மடிப்பாக்கத்தின் உள் தெருக்களில் எட்டு வீடு, பன்னிரண்டு வீடு கொண்ட சிறு கட்டடங்கள்தான் கடினம். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் எல்லோருக்கும் பிடிக்காமல் போகும்.

அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: இடித்துக் கட்டக் காத்திருக்கும் பழைய தனி வீடுகள். பில்டரோடு பேச்சு முடிந்திருக்கும், அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா பூட்டி வைக்க வேண்டாம் என்று விடுவார்கள். சிவப்புக் காவித் தரை, பின்னால் கிணறு, ஒரு மாமரம், சுற்றுச்சுவர். இடிக்கப் போகிற சுவரை நாய் பிறாண்டினால் யாருக்கு என்ன? வாடகையும் குறைவு. ஓராண்டோ ஒன்றரை ஆண்டோதான் இருக்க முடியும் என்பது இதன் விலை. இணைய விளம்பரத்தில் இவை வருவது அபூர்வம், தெருவில் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டால் தெரியும்.

நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தரைத்தளம் கேட்கிறார்கள். நீங்கள் தேடும் வட்டாரத்தில் அதற்கு முன்னால், சுவரில் வெள்ளக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கத்தின் தாழ்ந்த பகுதிகளில் தரைத்தளங்கள் தண்ணீரில் நின்றன. கேட்டின் தூணிலும் மீட்டர் பெட்டிக்குக் கீழேயும் அந்தக் கறை இன்னும் இருக்கும். வீட்டுக்காரர் "இங்கே தண்ணீரே வராது" என்றால் எதிர்வீட்டில் ஒருமுறை விசாரியுங்கள். படகு வரும்போது ஆளை ஏற்றுவார்கள். நாயையும் பூனையையும் ஏற்றுவார்களா என்பது படகோட்டியின் மனசைப் பொறுத்தது. முதல் தளம் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன், நாட்டு நாய்க்கு ஒரு மாடி ஏறுவது ஒன்றும் பெரிதில்லை.

எப்போது சொல்வது? தரகரிடம் முதல் அழைப்பிலேயே, முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அலைச்சல் மிச்சம். வீட்டுக்காரரிடம் மட்டும் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் சொல்லுங்கள் என்பது என் அபிப்பிராயம். எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா என்று கேட்டு, உங்களை ஒருமுறை பார்த்து, வீட்டையும் சுற்றிக் காட்டிய பிறகு, முன்பணப் பேச்சு எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். தொலைபேசியில் "நாய்" என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். ஆனால் போனிலேயே "நாய் கீய் ஏதாவது உண்டா?" என்று அவரே கேட்டால் உடனே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நாயின் படம், பழக்கவழக்கம் எல்லாம் போட்டு அழகான ஒரு பக்க அறிமுகத் தாள் தயாரிக்கச் சொல்லி இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கிறது. எங்கள் வட்டாரத்து வீட்டு உரிமையாளர்கள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். அவர்களிடம் எடுபடுவது மூன்று. இப்போதைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் முதலாவது. "தாராளமாகக் கேட்டுப் பாருங்கள்" என்று நீங்கள் சொல்லும்போதே பாதிப் பயம் போய்விடும். இரண்டாவது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டு தவறாமல் பதிவான புத்தகம். மூன்றாவது மாநகராட்சி உரிமம். சென்னையில் அதை இணையத்திலேயே எடுக்கலாம், கட்டணம் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இல் மாநகராட்சி அறிவித்ததிலிருந்து வீட்டுக்காரர்களே அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மடிப்பாக்கம் வரை சென்னை மாநகராட்சி. கீழ்க்கட்டளைக்குப் போனால் தாம்பரம் மாநகராட்சி, அங்கே தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூனையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் வீட்டைக் காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் பூனையால்தான். நாயின் குறும்பு கண்ணுக்குத் தெரியும், ஆண் பூனையின் குறும்பு மூக்குக்குத்தான் தெரியும். கருத்தடை ஆகாத ஆண் பூனை கதவு நிலையிலும் சுவர் மூலையிலும் சிறுநீரைப் பீய்ச்சி வைக்கும். பெயின்ட் அடித்து மூடினாலும் ஐப்பசி மழை ஈரத்தில் வாசனை எழுந்து வரும். இன்னும் செய்யவில்லை என்றால், வீடு மாறும் முன் செய்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். அதன் பிறகு பெரும்பாலும் அந்தப் பழக்கம் நின்றுவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள், நான் பார்த்ததும் அப்படித்தான். நாற்றத்துக்குப் பினாயில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள பீனால் பூனைக்கு நஞ்சு. தரை மார்பிளாக இருந்தால் வினிகரும் கூடாது, அமிலம் பட்ட இடம் பளபளப்புப் போய் வெளிறிவிடும். வீடு பார்க்கும்போதே மார்பிள் வீட்டைத் தவிர்த்து டைல்ஸ் வீட்டை எடுப்பது புத்திசாலித்தனம். பால்கனியில் புறா வலை ஏற்கெனவே கட்டியிருந்தால் அது பூனைக்கும் காவல்.

நீங்கள் கேட்காதது ஒன்று, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும். கூண்டில் பச்சைக்கிளி, தொட்டியில் நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். வாயால் "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தட்டச்சு செய்பவரிடம் இருக்கும் பழைய படிவத்தையே முத்திரைத்தாளில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அதில் எட்டாவதோ ஒன்பதாவதோ வரியாக "செல்லப்பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்று நிற்கும். வீட்டுக்காரருக்கே அது தெரியாது. அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்: ஒரு நாய், ஒரு பூனை வைத்திருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார், அவற்றால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார். இவ்வளவு போதும். அவருக்குக் குறிப்பான பயம் ஏதேனும் இருந்தால், வடாம் மாமிக்கு எழுதியதுபோல அதற்கும் ஒரு வரி.

முன்பணம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் முறைக்காதீர்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், இருவரும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாதம் கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடலாம், அது திரும்ப வரும் பணம். வாடகையையே நாய்க்காக மாதம் ஆயிரம் ஏற்றினால் மறுத்துப் பேசுங்கள், அது திரும்பாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக, முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்தக் கழிவு எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும். அதனால் சாமான் இறக்கும் முன், காலி வீட்டில் ஒவ்வொரு கதவின் கீழ்ப்பகுதியையும், நிலைகளையும், தரை மூலைகளையும் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் நாய் போட்ட கீறலுக்கு உங்கள் நாய் பழி சுமக்க வேண்டாம்.

கடைசியாகத் தேதி. ஆகஸ்ட் இறுதி என்கிறீர்கள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், எங்கள் தொழிலில் அது செத்த மாதம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், ஆனியில் காலியான வீடுகள் ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். வைகாசியில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது நாய் வைத்திருப்பவரை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு மாதமாகப் போன்கூட வராத வீட்டுக்காரர், ஆடி இரண்டாவது வாரத்தில் அதே நாயைப் பற்றிப் பொறுமையாகக் கேட்பார். அப்போது போய்ப் பாருங்கள், பிடித்தால் சிறு தொகை அச்சாரம் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சுவதாகச் சொல்லுங்கள். ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கும். பெட்டி கட்டவும், பூனையை ஓர் அறையில் பூட்டி வைத்துச் சாமான் ஏற்றவும் உங்களுக்கு முழுதாக இரண்டு வாரம் இருக்கும்.